கொழும்பு நாட்குறிப்பு: பிழைப்பும் அடையாளமும்

திங்கள், புறக்கோட்டை

புறக்கோட்டையில் தெருவுக்கு ஒரு சரக்கு. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், கெய்சர் வீதியில் துணிமணி, நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, வெங்காய மொத்த வியாபாரம், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், செட்டியார் தெருவில் தங்கம். கபோஸ் லேன் பக்கம் திரும்பினால் சுக்கும் திப்பிலியும் கடுக்காயும் மூக்கில் ஏறும். கடை வைத்திருப்பவர் யார், கணக்கு எழுதுபவர் யார், சுமை தூக்குபவர் யார் என்று பார்த்துக்கொண்டே நடந்தால் இந்த நாட்டின் வரலாறு பாதி விளங்கிவிடும்.

நான் நீலகிரியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். இலங்கை என்றாலே மாணவர்கள் போரைப் பற்றித்தான் கேட்பார்கள். அது நியாயம்தான். ஆனால் போருக்கு முன்னும் பின்னும் இங்கே மக்கள் பிழைத்தாக வேண்டியிருந்தது. அந்தப் பிழைப்பு யாரை யாரோடு சேர்த்தது, எப்போது பிரித்தது என்று பார்க்கத்தான் இந்த விடுமுறையில் வந்திருக்கிறேன். முடிந்த அளவுக்கு அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

காலையில் நாலாம் குறுக்குத் தெருவில் தம்புள்ளையிலிருந்து ஒரு வெங்காய லொறி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சிங்களவர். கடை முதலாளி முஸ்லிம். கல்லாவில் இருந்த பையன் மட்டக்களப்பு. மூட்டை இறக்கிய நாட்டாமை, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டன் பக்கத்துத் தமிழன். சுமை தூக்குபவர்களை இங்கே நாட்டாமை என்றுதான் அழைக்கிறார்கள். விலை சிங்களத்தில் பேசி முடிந்தது. மூட்டைகளைத் தமிழில் எண்ணினார்கள். பில் ஆங்கிலத்தில் வந்தது. ஒருவருக்கும் தடுமாற்றம் இல்லை.

அவர்களுடைய கைவண்டியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இரண்டு பெரிய சக்கரம், நீளப் பலகை, முன்னால் ஒருவன் இழுக்க, பின்னால் ஒருவன் தள்ளுகிறான். பின்பலகையின் அடியில் பழைய டயர்த் துண்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். சரிவில் வண்டி வேகமெடுத்தால் முன்னால் இருப்பவன் கைப்பிடியை மேலே தூக்குகிறான். டயர் தார் ரோட்டில் உரசி வண்டி நின்றுவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு மூட்டைப் பாரத்தை ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இப்படித்தான் அடக்கி ஓட்டுகிறார்கள்.

“அக்கா இந்தியாவா?” என்று இழுத்தவனே கேட்டான். கோத்தகிரி என்றேன். என் பாட்டி டிக்கோயாவில் பிறந்தவர் என்றதும் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்து நின்றான்.

“அங்க போனவங்கள அங்க என்னன்னு சொல்லுவாங்க?”

“சிலோன்காரங்கன்னு.”

“இங்க எங்களத் தோட்டக்காட்டான்னு சொன்னாங்க அக்கா. சொன்னவங்களும் தமிழ் ஆளுங்கதான்.”

அவன் அப்பா இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமலே பல வருடம் இருந்தவர். 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அவர்களை 1974-இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. என் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர். இங்கே தங்கிவிட்டவர்களுக்கு முழுத் தீர்வு என்று சொல்லத்தக்க சட்டம் 2003-இல்தான் வந்தது.

இந்தக் கொழும்புத் துறைமுகம் பெரிதானதே மலைநாட்டுப் பயிரை ஏற்றுமதி செய்யத்தான். அலைதாங்கிச் சுவருக்கு 1875-இல் அடிக்கல் போட்டார்கள். 1883-இல் தேயிலை ஏலம் தொடங்கியது. பயிர் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் மூட்டை தூக்குகிறார்கள். நான் இன்று பார்த்ததில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

செவ்வாய், கொச்சிக்கடை

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டம். கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை. எனக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியவர் கையில் விகாரையில் கட்டிய வெள்ளை நூல். அவருக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஓர் அம்மா. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடம் இது. உள்ளே போகும் முன் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசுவரர் கோவில். முழுக்கக் கருங்கல். தகப்பனார் கட்டிய கோவிலைப் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கல்திருப்பணியாகச் செய்து முடித்தார். தூண்களைத் தொட்டுக்கொண்டு நடக்கும்போது எனக்கு 1915 நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் வெசாக் என்னும் புத்த பௌர்ணமி சமயத்தில் கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் சில நாட்களில் கொழும்புக்கும் பரவியது. அடி விழுந்தது பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த கரையோரச் சோனகர் என்னும் முஸ்லிம்களுக்கு. மேலே மதம் தெரிந்தது. அடியில் விலைவாசியும் கடைப் போட்டியும் கடனும் இருந்தன. குமாரி ஜயவர்தன இதை நன்றாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்; கொழும்பின் ரயில்வே தொழிலாளர்களும் அதில் இறங்கியதைக் காட்டியிருக்கிறார். ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளியபோது அவர்களுக்காக இலண்டன் வரை போய் வாதாடியவர் இந்தக் கோவிலைக் கட்டிய இராமநாதன். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்களே அவர் வண்டியைக் கையால் இழுத்துப் போனார்கள். முஸ்லிம்களின் மனதில் அது ஆறாத புண்ணாக நின்றது.

அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். அவருடைய தம்பி அருணாசலம் 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். மேல் மாகாணத் தமிழர்களுக்கு என்று வாக்களித்த ஓர் இருக்கை கிடைக்காமல் போக, 1921-இல் வெளியேறினார். வண்டி இழுத்த காலத்துக்கும் இதற்கும் ஐந்தாறு வருட இடைவெளிதான். ‘பல்லாயிரம் ஆண்டுப் பகை’ என்று யாராவது சொன்னால் நான் இந்த ஐந்தாறு வருடத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

வியாழன், வெள்ளவத்தை

நேற்று எழுத முடியவில்லை, இரண்டு நாளையும் சேர்த்துப் போடுகிறேன்.

வெள்ளவத்தையில் தோழியின் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரை வரை ஒவ்வொரு ஒழுங்கையிலும் அடுக்குமாடி. பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய அப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். மனைவி, மக்கள் யாழ்ப்பாணத்தில். மாதச் சம்பளம் மணியோடராக ஊருக்குப் போகும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல அப்படித்தான் நிமிர்ந்தன. மண் கொடுத்தது போதவில்லை. மிஷன் பள்ளி ஆங்கிலம் கொடுத்தது. ஆங்கிலம் உத்தியோகம் கொடுத்தது.

1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதைப் பண்பாட்டுப் பிரச்சினையாகவே நாம் படித்திருக்கிறோம். பெரியம்மாவின் வீட்டில் அது சமையலறைப் பிரச்சினை. அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும், எழுதாதவருக்குச் சம்பள உயர்வு இல்லை.

“சிங்களம் படிக்க மாட்டன் எண்டு அப்பா நிண்டிட்டார். அம்மாதான் நகையை அடகு வைச்சு எங்களைப் படிப்பிச்சவ” என்றார் பெரியம்மா. அவர் தம்பி பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய வயதில், 1970களின் தொடக்கத்தில், தரப்படுத்தல் வந்தது. தமிழ்மொழி மூலம் எழுதுபவர்களுக்கு வெட்டுப்புள்ளி கூட. தம்பி இப்போது இலண்டனில்.

83 ஜூலையில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்தின்போது ஊருக்கு ஓடி, 95-இல் போரால் யாழ்ப்பாணத்து மக்கள் வெளியேறியபோது திரும்பவும் கொழும்புக்கே வந்தவர்கள். போர்க்காலம் முழுக்க வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே, வாசலுக்கு வந்த மீன்காரரிடம் பெரியம்மா சரளமான சிங்களத்தில் பாரை மீனுக்குப் பேரம் பேசி வாங்கினார். அப்பா படிக்க மறுத்த மொழி அது. மகளுக்கு அன்றாடத் தேவையாகிவிட்டது. அதில் அவருக்குத் தோல்வியும் தெரியவில்லை, பெருமையும் தெரியவில்லை.

இன்று போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக்கடை, மதுக்கடை மூடியிருந்தன. வெள்ளை உடுத்த குடும்பங்கள் விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தன. பெரியம்மா சொல்லித்தான் நினைவு வந்தது: 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே கிடையாது. நிலவின் நாலு கட்டத்துக்கும் ஒரு போயா என்று வைத்து, அந்தப் போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் வாரவிடுமுறை. சில வாரம் நீளும், சில வாரம் குறுகும். ஐரோப்பாவுக்குத் தந்தி அனுப்பும் வியாபாரிகள் தவித்துப் போக, பழையபடி ஞாயிறுக்கே திரும்பினார்கள்.

கணநாத் ஒபேசேகர ‘புரட்டஸ்தாந்து பௌத்தம்’ என்று ஒரு கருத்தைச் சொன்னார். மிஷனரிகளை எதிர்த்த புதிய பௌத்தம் மிஷனரிகளிடமிருந்தே ஞாயிறு பாடசாலை, அச்சுப் புத்தகம், சங்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது என்பார். எனக்கு உடனே ஆறுமுக நாவலர்தான் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்தில் சைவத்துக்காக அவர் செய்ததும் இதே வழிதான்: பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், மேடைப் பிரசங்கம். 1883-இல் பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதிய கொட்டாஞ்சேனையில்தான் 1885 வெசாக் அன்று பௌத்தக் கொடி முதன்முதலில் ஏறியது. இன்று அந்த வட்டாரம் முழுக்கத் தமிழ்க் குரல். இரண்டு மறுமலர்ச்சியும் ஒரே பட்டறையில் வார்த்தவை. வகுப்பில் இதைச் சொன்னால் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளி, இரண்டாம் குறுக்குத் தெரு

சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1908, 1909 வாக்கில் கட்டியது. ஜும்ஆ முடிந்து வந்த துணிக்கடைக்காரர் ஒருவரோடு பேச உட்கார்ந்தேன். பிளேன்டீ வந்தது, கூடவே ஒரு துண்டு கருப்பட்டி.

“83-ல பக்கத்துக் கடை தமிழ் ஆள்ட. எரிச்சாங்க. எங்கட வாப்பா ஷட்டரப் பூட்டிட்டு உள்ளுக்குள்ளயே இருந்தாரு. 2019-ல எங்கட கடைக்கு ஒருத்தரும் வரல்ல. மூணு மாசம். பக்கத்துல யாரு கடை எரிஞ்சாலும் அந்தப் புகை நமக்கும் வரும்னு வாப்பா சொல்லுவாரு.”

83 ஜூலையைப் பற்றி நியூட்டன் குணசிங்க என்ற சமூகவியலாளர் மறுவருடமே எழுதினார். அவர் வாதம் இது: 1977-க்கு முன்னால் இறக்குமதி, லைசன்ஸ், கோட்டா எல்லாம் அரசாங்கத்தின் கையில். அரசியல் தொடர்புள்ள சிங்கள நடுத்தர முதலாளிகள் அதில் வளர்ந்தார்கள். 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அரசாங்கச் சலுகை இல்லாமலே சந்தையில் ஓடிப் பழகியிருந்த தமிழ், முஸ்லிம் வியாபாரிகள் முன்னுக்கு வந்தார்கள். கீழே நகரத்து ஏழைக்கு மானியம் வெட்டு, விலையேற்றம். இந்தப் புழுக்கம் இனப்பகையாகத் திரும்பியது.

இந்த வாதத்தில் எனக்கு முக்கால் பங்கு சம்மதம். பிழைப்பில் போட்டி வந்தால் அடையாளம் கூர்மையாகும், பங்கு கிடைத்தால் அந்தக் கூர் மழுங்கும். 1915-உம் 1956-உம் 1983-உம் அதற்குச் சாட்சி. 2013 வாக்கில் ஹலால் முத்திரைக்கு எதிராக எழுந்த கூச்சலும், ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளை ஒதுக்கியதும் அதே வரிசை. ஆனால் மிச்சக் கால் பங்கை விட்டுவிட முடியாது. 83-இல் வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழர் வீடு என்று பெயர் பார்த்து வந்தார்கள். பொறாமை தானாக ஒரு பட்டியலைத் தயாரிக்காது. பட்டியல் அரசாங்கத்திடம்தான் இருக்கும். போட்டியை மட்டும் காரணமாகக் காட்டி அந்தக் கைகளைத் தப்பவிடுவது ஆய்வாளர் செய்யக்கூடாத வேலை.

சனி, கட்டுநாயக்க

கொழும்பிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே. 1978-இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள். சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள் வளவுக்குள் வரிசையாகச் சின்ன அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதைத்தான் போர்டிங் என்கிறார்கள். நான் போன அறையில் முல்லைத்தீவுப் பெண் ஒருத்தி, மொனராகலைப் பெண்கள் இருவர். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பானை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட மூன்று பை. பிள்ளையார் படத்துக்கும் புத்தர் படத்துக்கும் ஒரே தட்டு.

முல்லைத்தீவுப் பெண் போர் முடிந்து சில வருடம் கழித்து வந்தவள். மெஷினில் உட்கார்ந்து ஆறு மாதத்தில் சிங்களம் பிடிபட்டதாம். “டார்கெட் கேட்கிறது எல்லாரிட்டயும் ஒரே மாதிரித்தான் அக்கா” என்றாள். சட்டைக் கைக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை தையல் என்ற கணக்கு அது. அண்ணனைப் பற்றி அவள் சொல்லவில்லை, அறைத் தோழிதான் மெதுவாகச் சொன்னாள், காணாமல் போனவர் என்று. அந்தத் தோழியின் மாமா இராணுவத்தில் இறந்தவர். அவர்களுக்குள் இது தெரிந்த விஷயம்; பேசாமல் விட்டிருக்கிறார்கள்.

தொழிலாளி என்ற அடையாளம் இங்கே சும்மா வரவில்லை. 2011-இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து இந்தப் பெண்கள் வீதியில் இறங்கினார்கள். பொலிஸ் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார். மசோதா திரும்பப் பெறப்பட்டது.

அதே சமயம், வேலையிடம் எப்போதும் சேர்த்து வைக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கொழும்பில் நடத்திய பொது வேலைநிறுத்தத்தில் எல்லா இனத் தொழிலாளரும் நின்றார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் அவருக்குத் தோள் கொடுத்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்ததும் அதே குணசிங்க மலையாளத் தொழிலாளர்களைத் துரத்தும் பிரசாரத்தில் இறங்கினார். நடேசய்யர் அதற்கு முன்பே அவரை விட்டுப் பிரிந்து தோட்டங்களுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார்.

ஞாயிறு, காலி முகத்திடல்

பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை வண்டிகள், பின்னால் வரிசையாக நட்சத்திர ஹோட்டல்கள். தெற்கே பார்த்தால் கொள்ளுப்பிட்டி, வடக்கே கடலில் மண் கொட்டி எடுத்த 269 ஹெக்டேர் துறைமுக நகரம்.

இந்தப் புல்தரையில் 1956 ஜூன் 5 அன்று செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 2022 ஏப்ரல் 9 முதல், பொருளாதார நெருக்கடியில் அரசாங்கத்தை எதிர்த்துப் போராடியவர்கள் இதே இடத்தில் கூடாரம் போட்டார்கள். ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அதற்குள், ஜூலை 14-இல், ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச வெளிநாட்டிலிருந்து பதவி விலகியிருந்தார். அந்தக் கூடாரங்களுக்கு நடுவே மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் செய்து கஞ்சி கொடுத்தார்கள். சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 1956-இல் அடிபட்டவர்களில் யாராவது உயிரோடிருந்து அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

வடை வண்டிக்காரர் கொம்பனித்தெரு மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். அந்த மாதங்களிலும் இங்கேதான் வண்டி போட்டிருந்தாராம்.

“அந்த நேரம் சிங்களம் தமிழ் முஸ்லிம் ஒண்டும் இல்ல தங்கச்சி. எல்லாரும் கேஸ் லைன்ல நிண்டோம். ஒரு ராத்திரி எனக்குப் பின்னால ஆர்மிக்காரர் ஒருத்தர், முன்னால ஒரு ஹாமுதுரு.” ஹாமுதுரு என்றால் புத்த பிக்கு.

“இப்போ?”

“இப்ப கேஸ் இருக்கு. சல்லி இல்ல.”

சர்வதேச நாணய நிதியத்தின் கடன் 2023 மார்ச்சில் வந்தது. பெறுமதி சேர் வரி (வாட்) 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. வரிசையில் நின்றபோது எல்லோருக்கும் ஒரே இல்லாமைதான். மீண்டு எழும்போது அப்படி இருக்காது. ஹோட்டல் மாடியில் இருப்பவருக்கும் வடை வண்டிக்காரருக்கும் அந்த 18 சதவீதம் ஒரே எடையில் இறங்காது. தோட்டத்தில் நாட்கூலி வாங்குபவருக்கு இன்னும் மோசம். 1000 ரூபாய்க் கூலி கிடைக்கவே 2021 வரை பல வருடம் கத்த வேண்டியிருந்தது. 2022-இல் சேர்ந்தவர்கள் சேர்ந்தே இருப்பார்களா என்பது இந்தச் சுமையை யார் எவ்வளவு தூக்கப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. குறைந்த பங்கு கிடைத்தவனிடம் போய், உன் பங்கை எடுத்துக்கொண்டவன் இன்ன மொழிக்காரன், இன்ன மதத்தவன் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லாத காலம் இருந்ததில்லை.

இதை வடைக்காரரிடம் சொன்னேன். “அது சரி. ஆனா அடுத்த முறை அவங்க வந்து சொன்னா, நான் லைன்ல நிண்ட கதையச் சொல்லுவேன்” என்றார். அதற்குள் ஒரு குடும்பம் வந்து சிங்களத்தில் நாலு வடை கேட்டது. எண்ணெய் சூடாகட்டும் என்று அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, மாவைத் தட்ட ஆரம்பித்தார்.

நாளை காலை ரயிலில் ஹட்டன். டிக்கோயாவில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கேட்பதற்கு என்னிடம் இந்த வரிக்கணக்கும் கூலிக்கணக்கும் இருக்கின்றன. அங்கே கேட்டதை அங்கிருந்தே எழுதுகிறேன்.